வெளியழைப்புத் தடை சொன்னபடி வேலை செய்யாதபோது: அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

அலுவலகத் தொலைபேசி அமைப்பில் வெளியழைப்புகளுக்குத் தடை போட்ட பிறகு வரும் புகார்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். போக வேண்டிய அழைப்பு போகவில்லை என்பது ஒன்று. போகக்கூடாத அழைப்பு போய்விடுகிறது என்பது மற்றொன்று. முதல் வகைப் பிழை தானாகவே வெளிப்பட்டுவிடும், ஏனெனில் அழைக்க முடியாதவர் அடுத்த நிமிடமே வந்து சொல்லிவிடுவார். இரண்டாவது வகையைப் பற்றி யாரும் வந்து சொல்லமாட்டார்கள். பில் வரும்போதுதான் அது தெரியவரும், அதற்குள் ஒரு சிறு நிறுவனத்தை உலுக்கிவிடும் தொகை சேர்ந்திருக்கக்கூடும். ஆகவே இந்த வழிமுறையில் இரண்டாவது வகைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்

அலுவலக அழைப்புகளை இணைக்கும் அமைப்பான பிபிஎக்ஸ், தன்னிடம் வந்து சேர்ந்த இலக்கங்களை எடுத்துக்கொண்டு, அழைப்பவருக்குக் கொடுக்கப்பட்டுள்ள உரிமைக்கு உட்பட்ட விதிகளோடு ஒப்பிட்டு, பொருந்துகிற விதி சொல்வதைச் செய்கிறது. தடை என்பது அந்த ஒப்பீட்டின் விளைவு மட்டுமே. எனவே எந்தப் புகார் வந்தாலும் முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: வந்து சேர்ந்த இலக்கங்கள் எவை, அழைப்பு யாருடைய உரிமையில் வெளியேறியது, எந்த விதி பொருந்தியது. இவற்றுக்கு விடை தெரியாமல் விதிகளை மாற்றத் தொடங்கினால் ஒரு பிழையைச் சரிசெய்து இரண்டு பிழைகளை உண்டாக்குவோம்.

உரிமை என்று நான் சொல்வதற்கு ஒவ்வொரு அமைப்பிலும் ஒவ்வொரு பெயர் உண்டு. ஆஸ்டெரிஸ்க்கில் அது கான்டெக்ஸ்ட் என்ற விதித் தொகுப்பு. சிஸ்கோ கால் மேனேஜரில் விதிகளின் தொகுப்பான பார்ட்டிஷனும், எந்தத் தொகுப்புகளைத் தேடலாம் என்று சொல்லும் காலிங் சர்ச் ஸ்பேஸும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அவாயாவில் கிளாஸ் ஆஃப் ரெஸ்ட்ரிக்‌ஷனும், அதற்குள் 0 முதல் 7 வரையிலான ஒரு நிலை எண்ணும் இருக்கும். எக்ஸ்டென்ஷனின் (உள்ளிணைப்புத் தொலைபேசியின்) நிலை எண், அழைப்பு வெளியேறும் வழியான ரூட்டின் நிலை எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால்தான் அழைப்பு வெளியேறும். பானசோனிக் அமைப்புகளில் 7 நிலைகள் உள்ளன. 1ஆம் நிலைக்கு எல்லா அழைப்பும் உண்டு, 7ஆம் நிலைக்கு உள்ளழைப்பு மட்டுமே உண்டு, இடைப்பட்ட நிலைகளுக்குத் தடைப் பட்டியலும் விலக்குப் பட்டியலும் பார்க்கப்படும். அவாயாவில் எண் கூடக் கூட உரிமையும் கூடும், பானசோனிக்கில் எண் கூடக் கூட உரிமை குறையும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றைத் தொடும்போது இதைத் தலைகீழாகப் பொருள்கொண்டு, ரிசப்ஷன் தொலைபேசிக்கு முழு உரிமையையும் கொடுத்துவிடுவது எளிதில் நடக்கக்கூடிய தவறு.

இலக்கங்களைப் பொறுத்தவரை, பயனர் அழுத்தியதாகச் சொல்லும் எண்ணை நம்பி வேலை செய்யக்கூடாது. ஐபி (இணையவழித்) தொலைபேசிகளுக்குத் தங்களுக்கென்று ஒரு டயல் பிளான், அதாவது இலக்கங்களைக் கையாளும் விதித் தொகுப்பு, உண்டு. அது முன்னால் இருக்கும் இலக்கத்தை வெட்டலாம், புதிதாகச் சேர்க்கவும் செய்யலாம். அழைப்புப் பதிவேட்டைத் திறந்து, எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து, எந்த நேரத்தில், எந்த இலக்கங்கள் வந்தன, எந்த டிரங்க் (வெளி இணைப்பு) வழியாகப் போயின என்ற நான்கையும் ஒரே வரியில் வைத்துப் பார்த்த பிறகே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

அறிகுறி: தடை போட்டும் வெளிநாட்டு அழைப்பு போகிறது

முதலில் பார்க்க வேண்டியது கூட்டல் குறியை. பல நாடுகளில் வெளிநாட்டு அழைப்புக்கான முன்னெண் 00. வட அமெரிக்காவில் அது 011. தடை போடுபவர் தம் நாட்டு முன்னெண்ணை மட்டும் தடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார். ஆனால் ஐபி தொலைபேசியிலும் கணினியில் ஓடும் சாஃப்ட்போனிலும் தொடர்புப் பட்டியலில் இருக்கும் எண்ணைத் தொட்டாலே, அது கூட்டல் குறியோடு தொடங்கி, நாட்டுக் குறியீட்டோடு பிபிஎக்ஸுக்கு வந்து சேரும். 00 என்று தொடங்கும் விதிக்கு அது பொருந்தாது. டிரங்க் வழங்கும் பல நிறுவனங்களோ கூட்டல் குறி உள்ள எண்ணை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் கூட்ட அறைத் தொலைபேசியில் 00 அழுத்தினால் தடை அறிவிப்பு ஒழுங்காகக் கேட்டது. அதே தொலைபேசியில் தொடர்புப் பட்டியலைத் திறந்து அதே நபரின் பெயரைத் தொட்டபோது மணி அடித்தது. பதிவேட்டில் இரண்டு வரிகளும் அடுத்தடுத்து இருந்தன, ஒன்று 00 என்றும் மற்றொன்று கூட்டல் குறியோடும். இதற்குத் தீர்வு, தடை விதியை இரண்டாக எழுதுவதைவிட, உள்ளே வரும் எல்லா எண்களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு அதன் பிறகு விதிகளோடு ஒப்பிடச் செய்வதே. எத்தனை வடிவங்கள் இருக்கின்றனவோ அத்தனை ஓட்டைகள் இருக்கும்.

அடுத்தது விதிகளின் முன்னுரிமை. இங்கே அமைப்புக்கு அமைப்பு தர்க்கமே மாறும் என்பதால் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆஸ்டெரிஸ்க்கை இணையப் பக்கம் வழியாக நிர்வகிக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸில் அவுட்பவுண்ட் (வெளியழைப்பு) ரூட்டுகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகின்றன. எதையும் ஏற்றுக்கொள்ளும் பொதுவான ரூட் மேலே இருந்தால், கீழே எவ்வளவு கவனமாக எழுதிய கட்டுப்பாடும் வீண். ஆஸ்டெரிஸ்க்கின் டயல் பிளானை நேரடியாக எழுதுபவர்களுக்கு வேறு கணக்கு: ஒரே கான்டெக்ஸ்டுக்குள் எழுதிய வரிசை பொருட்டில்லை, எண்ணுக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் விதியே வெல்லும். ஆனால் இன்க்ளூட் மூலம் சேர்த்த கான்டெக்ஸ்ட், மூலக் கான்டெக்ஸ்டில் எந்த விதியும் பொருந்தாதபோது மட்டுமே பார்க்கப்படும். தடை விதிகளைத் தனிக் கான்டெக்ஸ்டில் அழகாக எழுதி, அதை இன்க்ளூட் செய்து, மூலக் கான்டெக்ஸ்டில் எதையும் ஏற்கும் ஒரு விதியை விட்டுவைத்தால், தடை விதிகளை அமைப்பு எட்டிப் பார்ப்பதே இல்லை. சிஸ்கோவில் நெருக்கமாகப் பொருந்தும் விதி எந்தப் பார்ட்டிஷனில் இருந்தாலும் அதுவே வெல்லும்; இரண்டு விதிகள் சம அளவில் பொருந்தினால்தான் பார்ட்டிஷன்களின் வரிசை கணக்கில் வரும். அங்கே தடை விதி பொதுவாகவும் அனுமதி விதி குறிப்பாகவும் எழுதப்பட்டிருந்தால், தடையைப் பட்டியலின் தலையில் வைத்தாலும் அது தோற்கும். மேலும், பார்ட்டிஷன் எதுவும் கொடுக்காமல் விட்டுவிட்ட விதி எல்லோருக்கும் எட்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

மூன்றாவதாக, உள்நாட்டு எண்ணைப் போலத் தோற்றம் தரும் வெளிநாட்டு எண்கள். அமெரிக்காவும் கனடாவும் பயன்படுத்தும் 1 என்ற நாட்டுக் குறியீட்டைப் பல கரீபியன் நாடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. 876 ஜமைக்காவுக்கும், 473 கிரெனடாவுக்கும், 809 டொமினிக்கன் குடியரசுக்கும் உரியவை. வட அமெரிக்காவில் இருக்கும் அமைப்பில் 011ஐத் தடுத்தாலும் இவை 1க்குப் பின் பத்து இலக்கங்கள் என்ற உள்நாட்டு வடிவத்திலேயே போய்விடும். எந்த நாட்டில் இருப்பவரும் கவனிக்க வேண்டியவை, நாடு எதற்கும் சொந்தமில்லாத குறியீடுகள்: 870, 881 ஆகியவை செயற்கைக்கோள் தொலைபேசிகளுக்கும், 882, 883 ஆகியவை பன்னாட்டு வலையமைப்புகளுக்கும், 979 பன்னாட்டுக் கூடுதல் கட்டணச் சேவைக்கும் ஒதுக்கப்பட்டவை. சில நாடுகளுக்கு மட்டும் தடை போட்டவரின் பட்டியலில் இவை இருக்காது. என் உறுதியான கருத்து இதுதான்: தடுக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவதை விட்டுவிட்டு, அனுமதிக்க வேண்டியவற்றை மட்டும் பட்டியலிட்டு மற்ற எல்லாவற்றையும் மறுக்க வேண்டும். உலகில் புதிதாக எந்தக் குறியீடு வந்தாலும் அனுமதிப் பட்டியல் அதைத் தானாகவே தடுக்கும்.

கடைசியாக, மாற்று டிரங்க். முதன்மை டிரங்க் பழுதானால் அல்லது நிரம்பினால் அழைப்பு இரண்டாவது டிரங்குக்குப் போகுமாறு அமைத்திருப்பார்கள். தடை முதன்மை டிரங்கில் மட்டும் போடப்பட்டிருந்தால், அங்கே மறுக்கப்பட்ட அழைப்பு அடுத்த டிரங்கில் முயற்சி செய்யப்பட்டு வெற்றி பெறும். பதிவேட்டில் டிரங்கின் பெயரைப் பார்க்கச் சொன்னதன் காரணம் இதுவே. தடை அழைப்பவரின் உரிமையில் இருக்க வேண்டும், டிரங்கில் இருப்பது அதற்கு மேல் ஒரு காவலாக மட்டுமே இருக்க வேண்டும்.

அறிகுறி: நேரடியாக அழைத்தால் தடை, ஆனால் ஃபார்வர்டு அல்லது டிரான்ஸ்ஃபர் செய்தால் போகிறது

இது இரண்டாவது கேள்வியைச் சேர்ந்தது: யாருடைய உரிமை. ஒருவர் தம் எக்ஸ்டென்ஷனை வெளிநாட்டுக் கைப்பேசிக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவில் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு அழைப்பு வந்தால் அதிலிருந்து புதிதாக ஒரு வெளியழைப்பு கிளம்புகிறது. அதற்கு யாருடைய உரிமை பொருந்தும், ஃபார்வர்டு செய்தவருடையதா, அழைத்தவருடையதா, டிரங்குடையதா? விடை அமைப்பைப் பொறுத்தது. சிஸ்கோவில் ஃபார்வர்டுக்கென்று தனியான காலிங் சர்ச் ஸ்பேஸ் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனுக்குத் தடை போட்டவர் அதைத் தொடாமல் விட்டிருந்தால் இந்த அறிகுறி வரும். சிப் (SIP) என்ற இணையவழி அழைப்பு நெறிமுறையில் இயங்கும் தொலைபேசிகளில் ஃபார்வர்டைக் கருவியிலேயே அமைக்க முடியும். அப்போது கருவி 302 என்ற பதிலைப் பிபிஎக்ஸுக்கு அனுப்பி, அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பச் சொல்கிறது. பிபிஎக்ஸின் இணையப் பக்கத்தில் ஃபார்வர்டு எதுவும் தெரியாது, ஆனால் அழைப்பு போய்க்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க, பதிவேட்டில் ஒரே நொடியில் தொடங்கிய உள்வரும் அழைப்பும் வெளியழைப்பும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். தேவையில்லாதவர்களுக்குக் கருவியின் ஃபார்வர்டு வசதியையே மூடிவிடுவது நல்லது.

டிரான்ஸ்ஃபரிலும் இதே கதைதான். வெளியிலிருந்து அழைத்த ஒருவர் ரிசப்ஷனில் பேசி, வெளி எண் ஒன்றுக்கு இணைத்துவிடச் சொன்னால், ரிசப்ஷனின் உரிமையில் அந்த அழைப்பு வெளியேறும்; இணைத்தவர் விலகிய பிறகும் செலவு நிறுவனத்தின் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். வெளி அழைப்பு ஒன்றை மற்றொரு வெளி அழைப்போடு இணைப்பதைத் தடுக்கும் அமைப்பு சிஸ்கோவில் உண்டு, பிற அமைப்புகளிலும் வேறு பெயர்களில் இருக்கும். முறையான தேவை இல்லையென்றால் அதை இயக்கிவிடுங்கள். ஆஸ்டெரிஸ்க்கில் டயல் கட்டளைக்குக் கொடுக்கும் சிறிய டி (t), பெரிய டி (T) ஆகிய இரண்டு எழுத்துகளையும் கவனியுங்கள். முதலாவது அழைக்கப்பட்டவருக்கும், இரண்டாவது அழைத்தவருக்கும் டிரான்ஸ்ஃபர் உரிமை கொடுக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கையாளும் இடத்தில் பெரிய டி இருந்தால், முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் டிரங்க் வழியாகத் தாமே டிரான்ஸ்ஃபர் செய்துகொள்ளக் கதவு திறந்திருக்கிறது என்று பொருள்.

இவற்றைவிட அபாயமானவை வாய்ஸ்மெயிலும் டிசாவும். வெளியிலிருந்து அழைத்து, பின் (PIN) எண் கொடுத்து, அலுவலக டயல் டோனைப் பெறுவதற்கான வசதிதான் டிசா. எக்ஸ்டென்ஷன் எண்ணையே பின் எண்ணாக வைத்திருக்கும் வாய்ஸ்மெயில் பெட்டியும், யாரும் பயன்படுத்தாத டிசாவும் மோசடிக்காரர்கள் முதலில் தேடுபவை. வார இறுதியிலும் நள்ளிரவிலும் அவர்கள் வருவதற்குக் காரணம், அப்போது பதிவேட்டைப் பார்க்க ஆள் இல்லை என்பதே. பயன்படாத டிசாவை நீக்கிவிடுங்கள். வாய்ஸ்மெயிலிலிருந்து வெளியே அழைக்கும் வசதியை மூடுங்கள்.

அறிகுறி: தடை உள்ள தொலைபேசியிலிருந்து ஸ்பீட் டயல் மட்டும் போகிறது

பெரும்பாலும் இது பிழை அன்று. பானசோனிக் போன்ற அமைப்புகளில் பொது ஸ்பீட் டயலுக்குத் தடையிலிருந்து விலக்குக் கொடுக்கும் வசதி இருக்கிறது. குறிப்பிட்ட சில வெளி எண்களை மட்டும் எல்லோரும் அழைக்க அது பயன்படும். பிழையாவது எப்போதென்றால், அந்தப் பட்டியலில் யார் வேண்டுமானாலும் புதிய எண்ணைச் சேர்க்க முடியும்போது. சேர்க்கும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டால் போதும்.

அறிகுறி: பழைய அனலாக் லைனில், உள்வரும் அழைப்பு முடிந்த பிறகு தடை இல்லாமல் அழைக்க முடிகிறது

இது இன்னும் பல இடங்களில் உயிரோடிருக்கும் ஓட்டை. தடை உள்ள தொலைபேசியில் ஒருவர் உள்வரும் அழைப்பை எடுக்கிறார். எதிர்முனையில் இருப்பவர் வைத்துவிடுகிறார், இவர் வைக்கவில்லை. சிறிது நேரத்தில் தொலைபேசி நிலையம் அந்த லைனில் மீண்டும் டயல் டோன் கொடுக்கிறது. பிபிஎக்ஸைப் பொறுத்தவரை பழைய உள்வரும் அழைப்பே இன்னும் தொடர்கிறது, எனவே அது இலக்கங்களை ஒப்பிடுவதில்லை. இவர் அழுத்தும் இலக்கங்கள் நேராக நிலையத்துக்குப் போய்விடுகின்றன. சோதித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்: கைப்பேசியிலிருந்து அழைத்து, எடுத்த பிறகு கைப்பேசியை வைத்துவிட்டுக் காத்திருங்கள். டயல் டோன் வந்தால் ஓட்டை இருக்கிறது. எதிர்முனை வைத்ததும் நிலையம் அனுப்பும் துண்டிப்புச் சமிக்ஞையைப் பிபிஎக்ஸ் கண்டுகொள்ளுமாறு லைன் அமைப்பை மாற்ற வேண்டும். உள்வரும் அழைப்பின்போது அழுத்தப்படும் இலக்கங்களுக்கும் எல்லை வைக்க அமைப்பு இடம் கொடுத்தால் அதையும் இயக்க வேண்டும்.

அறிகுறி: அவசர எண் போகவில்லை

மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு இதை முதலில் சரிசெய்ய வேண்டும். எந்த நிலைத் தடை உள்ள தொலைபேசியாக இருந்தாலும், பின் எண் கேட்காமல், பூட்டிய நிலையிலும், நாளின் எந்த நேரத்திலும் அவசர எண் போயாக வேண்டும். வெளி லைனுக்கான 9 அல்லது 0 என்ற முன்னெண்ணோடும் போக வேண்டும், அது இல்லாமலும் போக வேண்டும். 2013இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு விடுதி அறையில் தாய் தாக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய 9 வயது மகள் 911ஐ நான்கு முறை அழைத்தாள். வெளி லைனுக்கு முதலில் 9ஐ அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை, ஒரு அழைப்பும் போகவில்லை, தாய் இறந்துவிட்டார். அதன் விளைவாக, அந்தத் தாயின் பெயரில் 2018இல் இயற்றப்பட்ட கேரி சட்டம், பல இணைப்புத் தொலைபேசி அமைப்புகளில் முன்னெண் இல்லாமல் 911ஐ நேரடியாக அழைக்க முடிய வேண்டும் என்று விதித்தது. உங்கள் நாட்டில் சட்டம் எப்படியிருந்தாலும் அமைப்பு இப்படித்தான் இருக்க வேண்டும்.

அவசர எண் விதியைத் தனி ரூட்டாக, எல்லா உரிமைகளுக்கும் எட்டும்படி, முன்னுரிமையின் தலையில் வையுங்கள். அதைச் சோதிக்க உண்மையாகவே அழைத்துப் பார்க்காதீர்கள்; ஆஸ்டெரிஸ்க்கில் டயல்பிளான் ஷோ கட்டளையும் சிஸ்கோவில் டயல்டு நம்பர் அனலைசர் கருவியும், அழைக்காமலேயே எந்த விதி பொருந்தும் என்று காட்டிவிடும். கடைசியாக ஒரு நேரடிச் சோதனை அவசியமென்றால் அவசர சேவை மையத்தோடு முன்கூட்டியே பேசி, அவர்கள் சொல்லும் நேரத்தில், அவர்கள் சொல்லும் முறையில் செய்ய வேண்டும்.

அறிகுறி: சில உள்ளூர் எண்கள் மட்டும் போகவில்லை

தடை விதி தேவைக்கு மேல் அகலமாக இருக்கிறது. 900 என்று தொடங்கும் கட்டணச் சேவைகளைத் தடுக்க நினைத்து, அதே இலக்கங்களில் தொடங்கும் சாதாரணக் கைப்பேசி எண்களையும் சேர்த்துத் தடுத்திருப்போம். முன்னெண்ணோடு மொத்த இலக்கங்களின் எண்ணிக்கையையும் விதியில் குறிப்பிட்டால் பெரும்பாலும் தீரும். ஆஸ்டெரிஸ்க் வகை விதிகளில் எக்ஸ் (X) என்பது 0 முதல் 9 வரை, இசட் (Z) என்பது 1 முதல் 9 வரை, என் (N) என்பது 2 முதல் 9 வரையிலான ஏதேனும் ஓர் இலக்கம். இசட் இருக்க வேண்டிய இடத்தில் என் போட்டுவிட்டால் 1 வரும் எண்கள் மட்டும் விடுபட்டுப்போகும். சில எண்கள் மட்டும் போகவில்லை என்ற புகாரில், போகாத எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஒரே இடத்தில் ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் பட்டுவிடும்.

அறிகுறி: எண்ணை அழுத்திய பிறகு நெடுநேரம் மௌனம்

எண் முடிந்துவிட்டதா என்பது அமைப்புக்குத் தெரியவில்லை. இன்னும் இலக்கம் வருமோ என்று காத்திருக்கிறது. நீளம் வரையறுக்கப்படாத விதி ஒன்று பொருந்திக்கொண்டிருப்பதே காரணம். சிஸ்கோவில் இந்தக் காத்திருப்பு இயல்பாக 15 நொடிகள். உள்நாட்டு எண்களுக்கு நீளத்தை நிர்ணயித்து எழுதுங்கள். பன்னாட்டு எண்களின் நீளம் மாறும், அதிகபட்சம் 15 இலக்கங்கள். அவற்றுக்குக் கடைசியில் ஹாஷ் விசையை அழுத்தச் சொல்லலாம்.

அறிகுறி: பகலில் சரியாக இருக்கும் தடை இரவில் இல்லை

அமைப்பின் கடிகாரத்தையும் நேர மண்டலத்தையும் பாருங்கள். உலகப் பொது நேரத்தில் ஓடும் சர்வரில் உள்ளூர் நேரத்தைக் கணக்கிட்டு விதி எழுதியிருந்தால் சில மணி நேரம் தள்ளித் தடை விழும். நள்ளிரவைக் கடக்கும் நேர வரம்பை, உதாரணமாக 20 மணி முதல் 7 மணி வரை என்பதை, நள்ளிரவுக்கு முன், நள்ளிரவுக்குப் பின் என்று இரண்டு வரிகளாகப் பிரித்து எழுதுவது பாதுகாப்பானது. பானசோனிக்கில் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி நிலை கொடுக்க முடியும். பகலுக்கு மட்டும் கொடுத்துவிட்டு இரவை 1ஆம் நிலையிலேயே விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அறிகுறி: தடுத்தது நம் அமைப்பா, சேவை நிறுவனமா என்று தெரியவில்லை

டிரங்க் வழியாக அழைப்பு வெளியேறியதா என்பதே முதல் கேள்வி. பதிவில் டிரங்குக்கு எந்தக் கோரிக்கையும் போகவில்லையென்றால் தடுத்தது நாமே. போயிருந்தால், எண்ணாக வந்த சிப் பதிலைப் படியுங்கள். 403 என்றால் எதிர்ப்பக்கம் புரிந்துகொண்டு மறுத்திருக்கிறது. சேவை நிறுவனமே வெளிநாட்டு அழைப்பை மூடிவைத்திருக்கலாம், அல்லது நாம் அனுப்பும் அழைப்பாளர் எண்ணை ஏற்காமல் இருக்கலாம். 484 என்றால் எண் முழுமையாகப் போய்ச் சேரவில்லை, நம் விதி எங்கோ ஓர் இலக்கத்தை வெட்டியிருக்கிறது. 404 வந்தால் வெளி லைனுக்கான 9ஐ வெட்டாமலேயே அனுப்பிவிட்டோமா என்று பாருங்கள். பழைய டிஜிட்டல் லைன்களில் இதே தகவல் காரண எண்களாக வரும்: 1 என்றால் ஒதுக்கப்படாத எண், 21 என்றால் மறுப்பு, 28 என்றால் எண்ணின் வடிவம் தவறு.

அறிகுறி: மாற்றினேன், ஆனால் எதுவும் மாறவில்லை

ஃப்ரீபிபிஎக்ஸில் சேமித்த பிறகு மேலே தோன்றும் அப்ளை கான்ஃபிக் பொத்தானை அழுத்தும்வரை பழைய விதிகளே ஓடும். கோப்பை நேரடியாகத் திருத்தினால் டயல் பிளானை மீண்டும் ஏற்ற வேண்டும். சில தொலைபேசிகளின் டயல் பிளான், கருவி மறுதொடக்கம் ஆகும்வரை மாறாது.

சரிசெய்த பிறகு செய்ய வேண்டிய சோதனை

நிர்வாகியின் தொலைபேசியிலிருந்து சோதிப்பதில் பயன் இல்லை, அதற்கு எல்லா உரிமையும் இருக்கும். தடை உள்ள ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தொலைபேசியைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர் எண், தொலைதூர எண், கைப்பேசி எண், 00 வடிவில் வெளிநாட்டு எண், கூட்டல் குறி வடிவில் அதே எண் ஆகியவற்றை நேரடியாகவும், ஃபார்வர்டு வழியாகவும், டிரான்ஸ்ஃபர் வழியாகவும் அழைத்துப் பார்த்து, விளைவை ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். முதன்மை டிரங்கைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு வெளிநாட்டு அழைப்புகளை மட்டும் மறுபடி ஒருமுறை முயலுங்கள். சேவை நிறுவனத்திடம் தினசரிச் செலவு வரம்பும் ஒரே நேரத்தில் போகக்கூடிய அழைப்புகளுக்கு வரம்பும் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் நம் விதியில் நாம் காணாத ஓட்டை இருந்தாலும் இழப்பு அந்த வரம்போடு நின்றுவிடும். அடுத்த ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு காலையும் முந்தைய இரவின் பதிவேட்டைத் திறந்து, அலுவலக நேரத்துக்கு வெளியே வெளியேறிய ஒவ்வொரு அழைப்பையும் எந்த எக்ஸ்டென்ஷன், எந்த இலக்கங்கள், எந்த டிரங்க் என்று சரிபாருங்கள். விளக்கம் கிடைக்காத வரி ஒன்று மிஞ்சினாலும் மேலே சொன்ன மூன்று கேள்விகளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.